ஹுட்ஸ்பா இல்லாத வீடு

அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது மகள். கோபன்ஹேகனில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நாங்கள் இருக்கிற பிராண்டேக்கு வரும்போதெல்லாம் அழுக்கு உடுப்புகளோடு ஒன்றிரண்டு புதுச் சொற்களும் வந்து இறங்கும். இந்த முறை வந்தது ஹுட்ஸ்பா. யூதர்களின் இத்திஷ் மொழிச் சொல்லாம். டேனிஷ்காரரும் சும்மா பேச்சில் பாவிக்கிறார்களாம்.

"அப்பிடியெண்டா என்ன?" என்று கேட்டேன். வழக்கம்போல டேனிஷில் விளக்கினாள். கூட்டத்துக்கு அரை மணி நேரம் பிந்தி வந்து, மிஞ்சியிருந்த கடைசிக் கேக் துண்டையும் தின்றுவிட்டு, கோப்பி ஆறிப்போய்விட்டதே என்று குறை சொல்பவனிடம் இருப்பது ஹுட்ஸ்பா. நேர்முகத் தேர்விலேயே, வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணிக்குப் போய்விடுவேன் என்று சொல்லி, அந்த வேலையையும் வாங்கிக்கொண்டு வந்த அவளுடைய சிநேகிதியிடம் இருப்பதும் அதுதான். முதல் ஆளைச் சொல்லும்போது முகம் சுளிப்பார்கள். இரண்டாவது ஆளுக்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

தமிழில் தேடிப் பார்த்தேன். திமிர், வாய்க்கொழுப்பு, நெஞ்சழுத்தம். எல்லாமே ஏசுகிற சொற்கள், அதிலும் அரைவாசி பெண்களை ஏசுவதற்கென்றே வைத்திருப்பவை. துணிச்சல் என்றால் வெறும் பாராட்டாகப் போய்விடுகிறது.

"எங்கடை வீட்டிலை அது ஆரிட்டையும் இல்லை. அப்பாட்டைத் துப்பரவா இல்லை," என்று அவரைக் காட்டிச் சிரித்தேன். என் மனுசன் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் இத்தனை வருடம் வேலை செய்கிறார், வாய் திறந்து ஒன்று கேட்டதில்லை. சாப்பாட்டுக் கடையில் வேறு யாரோ கேட்ட சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தால், "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சாப்பிட்டு முடிக்கிற ஆள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை. தெரிந்த ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். நான் சேலை உடுத்தி, தலைக்குப் பூவும் வைத்தாயிற்று. அவர் ஒரு காலுறையைக் கையில் பிடித்தபடி கட்டிலில் குந்தியிருந்தார். போடவில்லை. விடியத் தொடக்கம் வயிற்றுக்குள் நோ என்று அப்போதுதான் வாயிலிருந்து வந்தது.

"ஒண்டுமில்லை, வாயுவா இருக்கும்," என்றார். உதடு வெளுத்துப்போயிருந்தது.

இங்கே வார இறுதியில் நினைத்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்க முடியாது. முதலில் போன் எடுக்க வேண்டும். நாங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் தாதி முடிவெடுப்பாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவருக்கு முன்னால் பிடித்தேன். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினால், பத்துக்கு எத்தனை நோ என்று தாதி கேட்டாள்.

"இரண்டு," என்றார். தொந்தரவு தந்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

பரசிட்டமோல் போட்டுப் பாருங்கள், கூடினால் திரும்ப எடுங்கள் என்றாள். பக்கத்தில் நின்ற நானும் "நன்றி, நன்றி" என்று சொல்லிப் போனை வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் ஆட்களின் பிழை இது. ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, நாலாம் தரம் வாங்கிக் குடிப்போம். கேட்கிறவருக்கும் அது தெரியும். டேனிஷ்காரர் ஒரு தரம்தான் கேட்பார்கள். இரண்டு என்றால் அவர்களுக்கு இரண்டுதான்.

அரை மணி நேரத்தில் அவருடைய கை ஐஸாகக் குளிர்ந்தது, நெற்றி வியர்த்தது. வயிற்றைத் தொட்டேன், பலகை. "இப்ப குறைஞ்சிட்டுது, நீர் சாமத்திய வீட்டுக்குப் போம்," என்றார். இந்த மனுசன் என் கண்ணுக்கு முன்னால் மரியாதையாகச் செத்துப்போகப் போகிறார் என்று பயந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, திரும்ப எடுத்தால் அந்தத் தாதி என்ன நினைப்பாள் என்றும் பயந்தேன்.

எடுத்தேன். வேறொரு குரல். "நான் அவருடைய மனைவி. முதல் எடுத்தபோது அவர் பொய் சொன்னார். இரண்டில்லை, ஒன்பது."

"இஞ்சாரும், சனத்தைக் கரைச்சல்படுத்தாதையும்," என்றார் இவர் கட்டிலிலிருந்து.

அவரோடு பேசலாமா என்று தாதி கேட்டாள்.

"இல்லை," என்றேன். "கேட்டால் திரும்பவும் இரண்டு என்பார். நீங்கள் ஆளை அனுப்பும்வரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன்."

டேனிஷில் யாரோடும் நான் அப்படிப் பேசியதில்லை. மறுமுனையில் அவள் எதையோ தட்டி எழுதும் சத்தம் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு அவள் விலாசம் கேட்டாள்.

அப்பெண்டிக்ஸ் வெடித்திருந்தது. பின்னேரமே ஒப்பரேஷன் செய்தார்கள். சேலையும் பூவுமாக ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் இருந்த கோலத்தைப் போனவர் வந்தவரெல்லாம் பார்த்தார்கள். ரயிலேறி வந்த மகளுக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹுட்ஸ்பா, அம்மா," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் காலை ஒரு தாதி வந்து அவரிடம் கேட்டாள், பத்துக்கு எத்தனை நோ என்று. அவர் வாயைத் திறந்தார். அந்த இரண்டு நாக்கு நுனியில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஏழு," என்றார். கொஞ்சம் பொறுத்து, தாதியிடம் மன்னிப்பும் கேட்டார்.