எந்த வயசை எழுத?

பிள்ளையில்லாத பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் சீட்டு எழுதுகிற வேலை என்பது, நாலு கேள்வி கேட்டு நாற்பது பொய்யை எழுதிக்கொள்கிற வேலை. எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அந்த வேலையில் சேர்ந்தேன். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ். பெயர், வயசு, கல்யாணமாகி எத்தனை வருஷம், பிள்ளை உண்டா இல்லையா. இவ்வளவுதான் என் கேள்விகள். 'விசேஷம் உண்டா?' என்று கேட்டே உயிரை எடுக்கும் சொந்தக்காரர்கள் வாய்த்த சகோதரிகளே, நானும் உங்கள் கட்சிதான். எனக்கும் பிள்ளை இல்லை.

கோயிலில் கூட்டம்

வேலையில் சேரும்வரை ஊரிலேயே பிள்ளையில்லாதவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே அந்த நினைப்பு போயிற்று. பெஞ்சில் இடமில்லாமல் வாசல் வரைக்கும் பெண்கள். மில் வேலைக்காரி, ஜவுளிக்கடைக்காரர் மனைவி, டீச்சர், பர்தா போட்டவர், சிலுவை போட்டவர் என்று யாரும் பாக்கியில்லை. ஆனாலும் ஒவ்வொருத்தியும் உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படி என்று தலையைக் குனிந்துகொண்டுதான் வருவாள்.

வத்திராயிருப்பில் எதிரெதிர் வீட்டுக்காரிகள் இரண்டு பேர். ஆண்டாள் கோயிலுக்குப் போவதாக ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லிவிட்டு, வேறு வேறு பஸ்ஸில் வந்து, எங்கள் பெஞ்சில் அடுத்தடுத்து மாட்டிக்கொண்டார்கள். மூத்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்: "கோயில்ல ஒரே கூட்டம்ட்டி. அதான் இங்கன செத்த உக்காந்துட்டுப் போவோம்னு வந்தேன்."

ராசியான கை

ஒருநாள் ஒரு மாமியார் சீட்டை வாங்கக் கையை நீட்டியவர், "ஒனக்கு எத்தன பிள்ளைக தாயி?" என்றார். இல்லை என்றேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மலடி எழுதின சீட்டு விளங்காதாம். அந்த வார்த்தையைச் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் நாக்குக் கூசுவதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், 'அப்படியானால் பெற்றவள் கையாலேயே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பேனாவை எங்கள் ஆயா பாக்கியத்திடம் நீட்டிவிட்டேன். பாக்கியம் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு நிதானமாக வந்தாள்: "எனக்குப் பிள்ள அஞ்சு இருக்கு, எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. பரவால்லன்னா சொல்லுங்க, கோலம் போட்டுத் தாரேன்."

குறைத்த அஞ்சு

எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு மூன்று வயசு. பள்ளிக்கூடத்தில் கொடுத்தது ஒன்று, ஜாதகத்தில் இருப்பது ஒன்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னது ஒன்று. சீட்டில் ஏறுவது பெரும்பாலும் மூன்றாவதுதான், ஏனென்றால் மருமகளிடம் கேட்டால் மாமியார்தான் பதில் சொல்வார்.

கான்சாபுரத்து மல்லிகாவுக்கும் அப்படித்தான் முப்பது என்று எழுதினேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம். புருஷன் ராஜபாளையத்தில் மில்லில் வேலை. ஒருநாள்கூட வந்ததில்லை, கேட்டால் ஷிப்டு. தை பிறந்தால் மகனுக்குத் தன் அண்ணன் மகளைக் கட்டப்போவதாக மாமியார் பெஞ்சு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவோ முப்பதுதானே, பதறாதே, இன்னும் ஆறு மாசம் பார்ப்போம் என்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை, மாமியார் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மல்லிகா என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, எனக்கு நெசமா முப்பத்தஞ்சு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கய்யா அஞ்சைக் கொறைச்சுட்டாரு. இப்பச் சொன்னா ஏமாத்திட்டீகன்னு தொரத்திருவாக." முப்பத்தைந்துக்கு மேல் போகப் போகக் கரு தங்குவது கடினம் என்று டாக்டரம்மா எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெண் பார்க்கும் சபையில் குறைத்த கணக்கை உடம்பு ஏற்றுக்கொள்ளுமா? இவளோ இல்லாத அஞ்சு வருஷத்தை நம்பி மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். 'நான் அடித்துத் திருத்தினால் அது என் பேச்சாகிவிடும், நீயே சொல்' என்றேன். மாமியார் திரும்பி வந்து உட்கார்ந்தார். மல்லிகா என் மேஜையை விட்டு நகரவில்லை. பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அக்கா, என் வயசு முப்பத்தஞ்சு. எங்கத்த முன்னாலேயே எழுதுங்க."

புருஷன் சீட்டு

அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரி சந்தைக்கடை ஆயிற்று. ஏமாற்றுக்காரி, அவள் அப்பன் ஏமாற்றுக்காரன் என்று தெருவரைக்கும் சத்தம். டாக்டரம்மா எழுந்து வந்து, இனிக் காத்திருக்க நேரமில்லை, புருஷனையும் இந்த வாரமே டெஸ்டுக்கு வரச்சொல்லுங்கள், குறை யார் பக்கமும் இருக்கலாம் என்றார். ஆம்பளைக்கு என்ன டெஸ்ட் என்று மாமியார் துள்ளினார். புருஷன் வராமல் அடுத்த டோக்கன் கிடையாது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டேன். டாக்டரம்மா அதைக் காதில் வாங்காதது மாதிரி உள்ளே போய்விட்டார்.

புருஷன் வந்தார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. ரிசல்ட்டும் வந்தது. அவர் பக்கமும் குறை இருந்தது, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. அன்றுதான் மாமியார் முதல்தடவையாக என்னை 'அம்மா' என்றார். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டுமாம், அண்ணன் வீட்டுக்குத் தெரிந்தால் பெண் தரமாட்டார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா சீட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்: "நான் அஞ்சு வயச மறைச்சதுக்கு ஊரே கேக்க ஏசுனீகல்ல அத்த? இது எங்கிட்டயே இருக்கட்டும். தையில பொண்ணு கேட்டுப் போகையில சொல்லுங்க, நானும் கூட வாரேன், நானே காமிக்கேன்."

அந்தத் தையில் யாரும் பெண் கேட்டுப் போகவில்லை. அதுசரி, மல்லிகாவுக்குப் பிள்ளை பிறந்ததா என்று கேட்க இந்நேரம் வாயெடுத்திருப்பவர்கள் எல்லாம் ஆளுக்கொரு டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்காருங்கள், கூப்பிடும்போது வரலாம்.