நாலாவது உதை

இந்த டர்ட் பைக்கைத் தேர்ந்தெடுக்க என் மகள் மூன்று மாதம் எடுத்துக்கொண்டாள். கடைசியில் வாங்கியது பட்டன் ஸ்டார்ட் இல்லாத, காலால் உதைக்கிற வண்டி. கேட்டால், எடை குறைவாம். இன்று காலை பெங்களூர் ரயிலுக்குப் பதினொரு நிமிடம்தான் இருந்தது. அவள் வாசலில் உதைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பெட்ரோல் வாசனை வீட்டுக்குள் வந்தது.

என் அப்பாவின் பைக்கும் இதே ரகம். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜுக்கு மணி அடிப்பது அவர் வேலை. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது மூன்று உதை உதைப்பார். பிறகு எதற்கோ காதுகொடுப்பவர்போல் அப்படியே நிற்பார். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். அம்மா ஜன்னலிலிருந்து கத்துவாள்.

"நாலாவதா ஒண்ணு உதைச்சா இன்னா? ஷிப்டு சங்கு ஊதப் போவுது!"

"மூணு அடிச்சா ஆளு ஏறுதுன்னு அர்த்தம். பதில் மணி வராம அடுத்தத அடிக்கலாமா?"

"இது கேஜா? பைக்குங்க!"

"எனக்குத் தெரியுது, காலுக்குத் தெரியலியே."

ஒருநாள் பதினெட்டு உதை எண்ணினேன். சங்கு ஊதிவிட்டது. கேஜ் அவர் இல்லாமல் இறங்கியது.

மகளும் மூன்றாவது உதையோடு நின்று மூச்சு வாங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிக்காதம்மா, இன்னொண்ணு உதை!"

"கத்தாதீங்க நைனா," என்றபடி உதைத்தாள். வண்டி பிடித்துக்கொண்டது, பறந்துவிட்டாள்.

நான்கே உதை. அப்பாவிடம் சண்டை போட இப்போது என்னிடம் ஆதாரம் இருக்கிறது. ஆள்தான் இல்லை.