டிக் போட்டே பழகிய கை

பல்ப் தொழிற்சாலையில் சரக்கைச் சரிபார்த்து அனுப்பும் அவளுக்கு 'டிக்கம்மா' என்று பெயர் வைத்தவர்கள் லாரிக்காரர்கள். சரக்குச் சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வண்டி வாசலைத் தாண்டாது. கட்டத்தைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது.

கணவன் கப்பலில் சமையல்காரன். போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. நடுக்கடலிலிருந்து அவன் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். ஊர் திரும்பிய கூட்டாளியிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்தனுப்பியிருந்தான். அதில் அவனே எடுத்த வீடியோ. வேலை விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைக் கம்ப்யூட்டரில் செருகினாள். வீடியோ திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அதை ஓட்ட ஒரு இலவச மென்பொருளைத் தேடி, முதலில் கண்ணில் பட்ட பச்சைப் பொத்தானை அமுக்கினாள். வரிசையாகக் கட்டங்கள் வந்தன. சிலவற்றில் முன்பே டிக் இருந்தது. இல்லாதவற்றிலும் பொறுப்பாகப் போட்டுவிட்டாள். எதைக் காலியாக விட்டால் அவன் முகம் தெரியாமல் போகுமோ என்ற பயம்.

கூப்பிடாத விருந்தாளிகள் திரையில் கூட்டமாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வானிலை சொல்ல ஒன்று, தள்ளுபடி காட்ட ஒன்று, வைரஸ் இருக்கிறது என்று மிரட்ட ஒன்று. அவன் மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டரே அசையாமல் நின்றுவிட்டது.

ரிப்பேர் கடை வைத்திருக்கும் கொழுந்தன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தான்.

"அண்ணி, டிக் போடுற வேலைய ஃபேக்டரியிலயே விட்டுட்டு வரக்கூடாதா?"

"கிண்டலெல்லாம் அப்புறம் பண்ணு தம்பி. அவர் வீடியோ போயிடுச்சா?"

"அது பென் டிரைவ்ல பத்திரமா இருக்கு. அழாதீங்க."

அவள் அழவில்லை என்றாள். ஒட்டிக்கொண்டு வந்தவற்றை அவன் ஒவ்வொன்றாக வெளியேற்றிவிட்டு, அவளையே உட்காரச் சொன்னான். பச்சைப் பொத்தான் பக்கம் போகாமல், மென்பொருளைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வைத்தான். அவசரமாக 'அடுத்து, அடுத்து' என்று தட்டாமல், என்னென்ன வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் போகச் சொன்னான். இரண்டு கட்டங்களில் டிக் ஏற்கெனவே காத்திருந்தது. அவற்றை எடுப்பதற்குள் அவளுக்கு விரல் கூசியது.

வீடியோ ஓடியது. ஆடும் பாத்திரங்கள், வட்டச் சன்னல், அதற்கு வெளியே கடல். "இதத்தான் உனக்குக் காட்டணும்னு நெனச்சேன்" என்றது அவன் குரல். கேமராவைத் தன் பக்கம் திருப்ப வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. கவிழ்த்துவைத்த அண்டாவின் பளபளப்பில் மட்டும், ஒரு கணம், நெளிந்த அவன் முகம்.

முடிந்துவிட்டது.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம்: முடிந்ததும் மறுபடி ஓட்டவா? கொழுந்தனைப் பார்த்தாள். அவன் ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

டிக் போட்டாள்.