முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போனது

முதலில் வீங்கியவை கண் இமைகள். காலையில் எழுந்தால் இரவெல்லாம் அழுதவளைப்போல இருப்பேன். தென்காசியில் மணப்பெண் அலங்காரம் என் தொழில். வீங்கிய கண்ணை வீங்காததுபோலக் காட்ட எனக்குத் தெரியும். கன்சீலரை (கருவளையம், தழும்பு மறைக்கும் பூச்சு) விரல் நுனியால் தட்டித் தட்டி மறைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். துபாயிலிருந்து தினமும் வீடியோவில் பேசும் என் கணவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

கால்களை அப்படி மறைக்க முடியவில்லை. ஆய்க்குடியில் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணுக்கு அலங்காரம் முடித்துவிட்டு எழுந்தபோது, செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். விழுந்த குழி அப்படியே நின்றது. சில வாரங்களாகச் சிறுநீர் நுரைத்துப் போவதும் அப்போதுதான் உறைத்தது.

தென்காசியில் சோதித்தபோது சிறுநீரில் புரதம் மிக அதிகமாக இருந்தது. திருநெல்வேலியில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினார்கள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, வலி மாத்திரை சாப்பிடுவதுண்டா என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை. பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“முகத்துக்கு என்னம்மா போடுதீங்க?”

“என் தொழிலே அதுதான் டாக்டர். எதைன்னு சொல்ல?”

“வெளுக்கதுக்குன்னு தினமும் எதும் போடுதீங்களா?”

போட்டேன். அடுத்த முறை அந்த டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை. பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்.

“பாதரசம் தங்கத்தைப் பிடிச்சுக்கிடும். அதான் இப்படிப் போட்டிருக்கான்” என்றார் மருத்துவர்.

எத்தனையோ முறை வாசித்த வரி அது. நகைமேல் அக்கறையாக எழுதியிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். சென்னைக்கு அனுப்பிய என் ரத்தத்தில் பாதரசம் இருப்பது உறுதியானது.

பாதரசம், தோலில் மெலனின் (நிறம் தரும் பொருள்) உண்டாவதைத் தடுக்கிறது. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வெளுப்பு வருகிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. அங்கே வடிகட்டிகள் கெட்டு, உடம்பில் தங்கவேண்டிய புரதம் ஒழுகிவிடுகிறது. நீர் உடம்பில் தேங்குகிறது. இதற்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் (புரத ஒழுக்கால் வரும் வீக்க நோய்) என்று பெயர்.

சிறுநீரகத்தில் பயாப்ஸி (ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். மருத்துவர் கணினியில் எனக்கு அந்தப் படத்தைக் காட்டினார். இளஞ்சிவப்பில், பட்டு நூலை உருட்டி வைத்ததுபோல உருண்டை உருண்டையாகச் சின்ன முடிச்சுகள். இவைதான் அந்த வடிகட்டிகள், இப்படி லட்சக்கணக்கில் உள்ளே இருக்கின்றன என்றார்.

“இவ்வளவு அழகா இருக்கே டாக்டர், இந்த நிறம்.”

“நிறம் நாங்க ஏத்துனதும்மா. சாயம் போடலேன்னா கண்ணுக்கே தெரியாது.”

எத்தனையோ முகங்களுக்கு நிறம் ஏற்றியவள் நான். நிறமே இல்லாமல், யாரும் பாராமல், பிறந்ததிலிருந்து எனக்காக உழைத்துக்கொண்டிருந்த ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் தங்கை ஃபர்ஜானாவின் நினைவு வந்தது. இந்தக் கிரீமை முதலில் வாங்கியவள் அவள்தான். வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள், அப்போது கர்ப்பமாக இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் கூப்பிட்டேன்.

“அந்தக் கிரீமை இன்னையோட நிறுத்திரு ட்டி.”

“ரெண்டு நாள் போடலேன்னாலே மாமி கேக்காங்க லாத்தா. கறுத்துப் போவேன்.”

“வயித்துப் பிள்ளைக்கும் போவும்னு டாக்டர் சொல்லுதாங்க.”

“உனக்கும் மொகம் நல்லாத்தானே இருக்கு?”

பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, கேமரா முன்னாலேயே முகத்தைத் துடைத்தேன். பவுடர், ஃபவுண்டேஷன், கன்சீலர், ஒவ்வொன்றாக வந்தது. இமைகள் வீங்கி, கண் இருந்த இடத்தில் இரண்டு கீறல்கள் மட்டும் தெரிந்தன.

“போதும் லாத்தா” என்று அழுதாள். அன்றே நிறுத்தினாள்.

சோதித்தபோது அவளுக்குச் சிறுநீரில் குறை இல்லை. ரத்தத்தில் மட்டும் கொஞ்சம் பாதரசம் இருந்தது. பேறுகாலம் வரை நான் தொழுத தொழுகையெல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தான். பெண் பிறந்தாள். எங்கள் வாப்பாவின் மாநிறம். மருத்துவர்கள் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறாள் என்றார்கள்.

என்னைப்போல ஒரு டப்பா வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். உட்பொருள் விவரமும் தயாரித்தவர் முகவரியும் இல்லாததை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். ‘மெர்க்குரி’, ‘கலோமெல்’ என்று இருந்தால் இரண்டும் பாதரசம்தான். மருத்துவர் எழுதித் தராத ஸ்டீராய்டு கிரீமும் வேண்டாம். எந்தப் புதுப் பூச்சையும் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். பாதரசக் கிரீமை எரித்துவிடாதீர்கள், ஆவி மூச்சில் ஏறும். உறையில் கட்டி ஒதுக்கிவைத்து, எங்கே ஒப்படைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். திடீரென முகம் வெளுத்தால் மகிழ்வதற்கு முன் காரணம் தேடுங்கள்.

எனக்கு உப்பைக் குறைத்தார்கள். நீர் வடிய ஒரு மாத்திரை, புரதம் ஒழுகுவதைக் குறைக்க ஒரு மாத்திரை. மற்றபடி காத்திருப்புதான். சில மாதங்கள் ஒன்றுமே மாறவில்லை. பிறகு ஒவ்வொரு சோதனையிலும் புரதம் இறங்கிக்கொண்டே வந்தது. மருந்தைப் புகழ்ந்தேன்.

“நாங்க செஞ்சது கொஞ்சம்தாம்மா. உள்ள போற விஷத்தை நிறுத்துனோம். மிச்சத்தை கிட்னியே பாத்துக்கிடுது” என்றார் அவர். எல்லாருக்கும் இப்படித் தானாக ஆறிவிடாது, சிலருக்கு வேறு சிகிச்சை வேண்டும் என்றும் சொன்னார்.

இந்தச் சாரல் பருவத்தில் குற்றாலம் போனோம். ஃபர்ஜானா பிள்ளையோடு ஓரமாக நின்றுகொண்டாள். அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் நான் தனியே நுழைந்தேன். முகத்தில் எதுவும் இல்லை. என் பழைய நிறம் திரும்பியிருந்தது. மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை புதிதாகிறதாம். அப்படியென்றால் நான் விஷம் பூசிய முகம் எப்போதோ உதிர்ந்துபோய்விட்டது. இது எனக்குத் தெரியாமலே உடம்பு செய்து தந்த முகம்.

தண்ணீர் தலையில் விழுந்தது. கண்ணை மூடி நின்றேன். முன்பு முகத்தை மட்டுமே நான் என்று நினைத்திருந்தேன். இப்போது உள்ளே ரத்தம் ஓடுவதும், வடிவதும், திரும்புவதும் நான்தான்.

“எக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாங்களும் குளிக்கணும்லா” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. விலகி இடம் கொடுத்தேன். அங்கே எவ்வளவு நேரம் நின்றிருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.