குழாயில் நேராகத் தெரிந்த வள்ளம்

நாயாற்று மீன்வாடிக்குக் கரைவலை இழுக்கப் போனபோது என்னிடம் ஒரு சாரமும் ஒரு சேர்ட்டும் ஒரு தகரக் குழாயும்தான் இருந்தன. குழாய் நானே செய்தது. வவுனியாவில் மணிக்கூடு திருத்துபவர் ஒருவரிடம் கொஞ்சக் காலம் நின்றேன். அவர் கண்ணில் செருகிப் பார்க்கும் பூதக்கண்ணாடியில் பழையது ஒன்றை எனக்குத் தந்தார். முன்பக்கத்துக்கு யாரோ கழித்துவிட்ட மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லை. பரந்தனில் தகரம் ஒட்டுகிறவர் மண்ணெண்ணெய்த் தகரத்தை மூன்றடிக் குழாயாகச் சுருட்டித் தந்தார். உள்ளே விளக்குக்கரி பூசினேன். பூசாவிட்டால் வெளிச்சம் தெறித்து எல்லாம் மங்கிவிடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கெடுத்துக் கெடுத்துத்தான் இதெல்லாம் பிடிபட்டது.

மணலில் அதை நிறுத்துவதுதான் பெரும்பாடு. மூன்று தடிகளை வலைக்கயிற்றால் கட்டி, கால்கள் புதையாமல் அடியில் சிரட்டை வைத்தேன். குழாயின் மேல் இரண்டு ஆணிகள். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துச் சந்திரனுக்கு நேரே பிடித்தால் உள்ளே சந்திரன் வந்துவிடும், பிறகு மெல்ல நழுவும். இடப்பக்கம் நழுவினால் குழாயை வலப்பக்கம் தள்ளவேண்டும். குழாய்க்குள் எல்லாமே தலைகீழ்.

வாடியில் முதலில் பார்த்தவர் பக்கத்துக் குடிசை அண்ணை.

"இஞ்ச பாரப்பா, சந்திரனுக்கும் அம்மை போட்டிருக்கு!"

மறுநாள் பகலில் அவரே குழாயைக் கடலுக்குத் திருப்பினார். வள்ளங்கள் எல்லாம் பாய் கீழே தொங்கக் கவிழ்ந்து தெரிந்தன. அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்கட முதலாளி சம்மாட்டியாரை இதுக்குள்ளால பாக்கவேணும். ஒருநாளாவது அந்தாள் தலைகீழா நிக்கட்டும்."

"வாயைப் பொத்துங்கோ, அவருக்குக் கேக்கப்போகுது" என்றார் அவருடைய மனைவி. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஐப்பசியில் ஒருநாள் அண்ணையும் அக்காவின் தம்பியும் வள்ளத்தில் போனார்கள். பின்னேரம் காற்று திடீரென்று மாறி அடித்தது. அவர்கள் வரவில்லை. விடிந்தபோது வெகுதூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கரையில் நின்றவர்களில் சிலர் மரக்குற்றி என்றார்கள், சிலர் வள்ளம் என்றார்கள்.

"தம்பி, உன்ர குழாயைக் கொண்டா" என்றார் அக்கா.

ஆணிகளை நேர்ப்படுத்த நேரமெடுத்தது. கடைசியில் புள்ளி உள்ளே வந்தது. வள்ளம்தான். பாய் இல்லை, ஆள் தெரியவில்லை. ஆனால் அடிப்பக்கம் கீழே, கிண்ணம்போல, நேராக இருந்தது. எனக்கும் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. பிறகுதான் உறைத்தது. நேராக மிதக்கும் வள்ளம் இந்தக் குழாயில் கவிழ்ந்தல்லவா தெரியவேண்டும்?

நான் வாய் திறக்குமுன் அக்கா என்னைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தார்.

"மாதாவே! நேராத்தான் இருக்கு. பாய்தான் கிழிஞ்சுபோச்சு. உள்ளுக்குப் படுத்திருக்கினம் போல." என் தலையைத் தடவினார். "பசியோட வருவினம்" என்று குடிசைக்கு ஓடினார்.

அவரை நான் கூப்பிடவில்லை. வள்ளம் கவிழ்ந்திருக்கிறது என்று நின்றவர்களிடம் மட்டும் சொன்னேன். நாலு பேர் இன்னொரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியானம் கவிழ்ந்த வள்ளத்தை மட்டும் கட்டி இழுத்து வந்தார்கள்.

அழுது ஓய்ந்தபின் அக்கா என்னிடம் கேட்டார்.

"உனக்கு அப்பவே விளங்கினதோ?"

"ஓமக்கா."

"நான் கஞ்சி காய்ச்சினனான்" என்றார்.

உடல்கள் கரைக்கு வரவில்லை. அவர்களை வேறு வள்ளக்காரர் யாராவது ஏற்றியிருப்பார்கள் என்று அக்கா நம்பத் தொடங்கினார். விடிந்ததும் வந்து குழாயில் கண்ணை வைப்பார். இடம் வலம் மாற்றித் தள்ளவும் பழகிவிட்டார். தலைகீழாகத் தெரியும் ஒவ்வொரு பாயையும் கரை சேரும்வரை விடாமல் பார்ப்பார். அதில் தெரிந்த ஆட்கள் எல்லாம் வேறு ஆட்கள். இனிப் பார்க்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

எட்டாம் நாள் சாரத்தையும் சேர்ட்டையும் சுருட்டிக்கொண்டு, "அக்கா, நான் வாறன்" என்றேன்.

"ஓம்" என்றார், கண்ணை எடுக்காமல். குழாயை நான் கேட்கவில்லை.