வலப்பக்கம்

கொலோனில், அண்ணா தன் மகளின் பேஸ் கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் திருகாணியைச் சின்னச் சாவியால் திருப்பினார். கிறீச் என்ற அந்தச் சத்தம் என்னை நாங்கள் வளர்ந்த கெல்சென்கிர்ச்சன் நகருக்குக் கொண்டுபோனது.

பேக்கரிக்கு மேலிருந்த வீடு. பாண் வாசனையும் அம்மா பொரிக்கும் மிளகாய் நெடியும் கலந்தே கிடக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணாவுக்குப் பதினைந்து. இருவரிடமும் பழைய பேஸ் கிட்டார் இருந்தது. ஊர்த் தமிழ்ச் சங்கத்து இசைக்குழுவில் பேஸ் வாசிக்க ஓர் இடம்தான் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும், "கொண்டா, செட் பண்ணித் தாறன்" என்று அண்ணா என் கிட்டாரை வாங்கி, நாக்கைக் கடித்தபடி திருகாணியை வலப்பக்கமாகத் திருப்புவார். வாரத்துக்கு வாரம் கம்பியை அழுத்துவது கடினமானது. கொப்புளம் போட்ட விரல்களுக்கு அம்மா மஞ்சள் பூசுவார்.

"உன்ரை விரலுக்குப் பலம் காணாது. விடு" என்றார் அண்ணா. விட்டேன். அவர் மேடையேறியபோது எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியதும் தங்கை நான்தான்.

"இடப்பக்கம் திருப்பினால் கம்பி பதியும்," என்று இப்போது மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "வலப்பக்கம் திருப்பினால் உயர்ந்திடும். பிறகு ஆராலையும் வாசிக்க ஏலாது. பதினைஞ்சு வயசிலேயே இதெல்லாம் எனக்கு அத்துப்படி."

மகள் என்னிடம் திரும்பினாள். "மாமி, நீங்களும் வாசிச்சனீங்களோ?"

"ஓம். எனக்கும் உன்ரை அப்பாதான் செட் பண்ணித் தந்தவர். ஒவ்வொரு முறையும் வலப்பக்கம்."

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் சாவியைப் பார்த்தார்.