மாம்புரி பஸ்ஸில் நான் டீச்சரான கதை

இன்று மாம்புரியில் புத்தளம் பஸ் ஏறி, பௌதிகவியல் பாஸ் பேப்பர் புத்தகத்தை மடியில் விரித்தேன். உயர்தரப் பரீட்சை எனக்கு இது மூன்றாம் முறை. கூடப் படித்தவர்கள் எல்லோரும் கம்பஸில் படிக்கிறார்கள். சந்தேகம் கேட்கக்கூட ஒருத்தி இல்லை.

பக்கத்தில் பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு ஒரு பிள்ளை. என் கறுப்பு அபாயாவையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க பிசிக்ஸ் டீச்சரா?"

"ஓம்" என்று வாய் சொல்லிவிட்டது.

"அப்ப இந்தக் கணக்கக் கொஞ்சம் சொல்லித் தாங்களேன் டீச்சர்."

கப்பிக் கணக்கு. பாலாவி தாண்டும் வரை விளக்கினேன். அவள் தலையாட்டத் தலையாட்ட எனக்கே விளங்குவது போலிருந்தது. ஒருவரோடு சேர்ந்து கணக்குச் செய்து இரண்டு வருடமாகிறது.

புத்தளத்தில் ஸலாம் சொல்லி இறங்கிப் போனாள்.

நான் டியூசன் வகுப்புக்குள் நுழைந்தபோது, முதல் வரிசை வாங்கில் அவள். என்னைக் கண்டதும் மரியாதையாக எழும்பி நின்றாள்.

நான் அவளைக் கடந்துபோய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன்.

பாடம் எடுக்க வந்த சேர் அதே கணக்கைப் பலகையில் செய்தார். அவருக்கு வேறு விடை வந்தது.

நாளைக்கும் வகுப்பு உண்டு. வேறு பஸ்ஸில் போகச் சொல்லாதீர்கள். அவள் என் பக்கத்தில் உட்காருவாளா என்று மட்டும் சொல்லுங்கள்.